அட்டைப்பெட்டியில் ஜிடி 730, உள்ளே எந்தச் சிப்?

தங்கை வீட்டுக்காகப் பழைய மேசைக்கணினி ஒன்று வாங்கினோம். அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு. பாடக் காணொளி பார்க்க வேண்டும், பைத்தான் எழுதிப் பழக வேண்டும், நேரம் கிடைத்தால் சூப்பர்டக்ஸ்கார்ட் விளையாட வேண்டும். லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். அது அரை மணி நேர வேலைதான். கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போடுவதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது.

கார்டு என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடி 730. நிறுவியதும், லினக்ஸோடு வரும் திறந்த மூல டிரைவரான நூவோ தானாகவே வேலை செய்தது. திரை முழு அளவில் வந்தது, காணொளியும் ஓடியது. நூவோ மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சிப்பின் உள்விவரம் கையில் இல்லாமல், அது எப்படி இயங்குகிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் அது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், 2010இல் வந்த 2.6.33 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. முடிந்தவரை அதிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகளில் நூவோ கடிகார வேகத்தைத் தானாக உயர்த்துவதில்லை. கணினி தொடங்கும்போது இருக்கும் வேகத்திலேயே கார்டு நின்றுவிடும். விளையாட்டைத் திறந்ததும் அது தெரிந்தது. வண்டி திரும்புவதற்குள் சுவரில் மோதி நின்றது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது.

சரி, என்விடியாவின் மூடிய டிரைவரையே போடலாம் என்று முடிவு செய்தேன். நண்பர் ஒருவரிடமும் ஜிடி 730 இருந்தது. "470 போடுங்க, எனக்கு அருமையா ஓடுது" என்றார். அதே கார்டுதானே என்று டெர்மினலைத் திறந்து, மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையால் என்விடியா டிரைவரின் 470 வரிசைப் பதிப்பை நிறுவினேன். மறுபடி தொடங்கியபோது எழுத்துகள் பெரிதாகி, திரை சுருங்கி வந்தது. கார்டு இல்லாமல் மென்பொருள் வழியாகத்தான் படம் வரையப்படுகிறது என்று, மின்ட்டின் திரைமுகப்பான சின்னமன் ஓர் எச்சரிக்கையும் காட்டியது. கார்டு பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

இரண்டு முறை அழித்துவிட்டு அதே 470ஐ மீண்டும் நிறுவிப் பார்த்தேன். மாற்றமில்லை. மதியம் போய்விட்டது. அப்புறம்தான் கெர்னல் பதிவைப் படித்தேன். விடை அங்கேயே எழுதியிருந்தது: இந்தக் கார்டுக்கு 390 வரிசை பழைய டிரைவர்தான் ஆதரவு தருகிறது, 470 இதைக் கண்டுகொள்ளாது என்று. நூவோவோ, என்விடியா டிரைவரை நிறுவியபோதே, ஏற்றக்கூடாதவற்றின் தடுப்புப் பட்டியலுக்குப் போயிருந்தது. ஆக, இரண்டு டிரைவருமே கார்டைத் தொடவில்லை.

ஒரே பெயருள்ள கார்டு நண்பருக்கு 470இல் ஓடுகிறது, எனக்கு ஏன் ஓடவில்லை? கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இட்டுப் பார்த்தேன். என் கார்டில் இருந்தது ஜிஎஃப்108 சிப். ஃபெர்மி குடும்பம், 2010இல் தொடங்கிய வடிவமைப்பு. நண்பரிடம் அதே கட்டளையை இடச் சொன்னேன். அவருடையது ஜிகே208, அடுத்த தலைமுறையான கெப்ளர். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 2014இல் இரண்டு வகைச் சிப்புகள் வந்திருக்கின்றன. ஒன்றில் 96 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), மற்றதில் 384. பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து டிரைவர் தேடினால் பாதிப் பேருக்குச் சரியாக வரும், மீதிப் பேர் என்னைப் போல அலைய வேண்டியதுதான். சிப்பின் பெயரைக் கேட்க வேண்டும். ஃபெர்மிக்கு 390, கெப்ளருக்கு 470. ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசை போன்ற இன்னும் பழையவை என்றால் 340.

மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்றொரு கருவி இருக்கிறது. சிப்பைத் தானே அடையாளம் கண்டு பொருத்தமான டிரைவரைப் பரிந்துரைக்கும். நான் அதைத் திறக்காமலேயே டெர்மினலுக்குப் போயிருந்தேன். இம்முறை முதலில் டைம்ஷிஃப்ட் கருவியில் கணினி அமைப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்தேன். என்விடியா தொடர்பான எல்லாவற்றையும் நீக்கி, நூவோவில் ஒருமுறை தொடங்கி, டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். 390தான் பரிந்துரையில் இருந்தது. நிறுவி மறுபடி தொடங்கினேன். முழுத்திரை. சூப்பர்டக்ஸ்கார்ட்டில் வண்டி சுவரில் மோதாமல் வளைவைக் கடந்தது. பையன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான்.

இது பழைய கணினி என்பதால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) தொல்லை இல்லை. அது இயங்கும் கணினியென்றால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் வரும் நீலத்திரையில் அதே கடவுச்சொல்லைத் தந்து சாவியைப் பதிய வேண்டும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. இன்டெல், ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை. அவற்றின் டிரைவர்கள் கெர்னலிலும், மேசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் தொகுப்பிலுமே வருகின்றன. என்விடியாவும் 2022 மே மாதம் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனால் அது இவற்றைவிடப் புதிய டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும்.

390க்கான என்விடியாவின் ஆதரவு 2022 கடைசியோடு முடிந்துவிட்டது. கெர்னல் மாறும்போது அதன் உள்ளமைப்பும் மாறும். பழைய டிரைவரை அதற்கேற்பத் திருத்த யாரும் இல்லையென்றால், புதுக் கெர்னலுக்கு அதைத் தொகுத்து இயக்கவே முடியாமல் போய்விடும். அதனால் இந்தக் கணினியை மின்ட் 21 உடன் வந்த 5.15 கெர்னலிலேயே வைத்திருக்கிறேன். அந்த வரிசைக்குள் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றலாம், புது வரிசைக்குத் தாவக்கூடாது. பையனிடம் அப்டேட் மேனேஜரைத் திறந்து இதைக் காட்டினேன். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: "ஜிஎஃப்108 – 390 – கெர்னல் 5.15". மின்ட் 21க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அதற்குள் வேறு கார்டு வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நூவோவுக்கே திரும்பிவிடுவேன். காணொளிக்கும் பைத்தானுக்கும் அது போதும், விளையாட்டுக்கு வேறு வழி தேட வேண்டும்.