விண்வெளியில் போட்ட தையல்

நேற்று ராத்திரி கொசுவலையில் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். விண்வெளி வீரர் ஸ்காட் பரஸின்ஸ்கி ஞாபகம் வந்துவிட்டது.

2007 அக்டோபர். டிஸ்கவரி விண்வெளி ஓடம், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஹார்மனி என்ற புதுக் கூடத்தைக் கொண்டுபோயிருந்தது. ஓடத்துக்கு பமேலா மெல்ராய் கமாண்டர், நிலையத்துக்கு பெக்கி விட்சன். இரண்டு பக்கமும் பெண்கள் தலைமை, அதுதான் முதல் முறை. கூடத்தை மாட்டியாயிற்று. அப்புறம், இடம் மாற்றி வைத்த சூரிய மின்தகட்டை விரிக்கும்போது, அது நேராக விரிய வழிகாட்டும் கம்பி ஒன்று சிக்கி, தகடு கிழிந்துவிட்டது.

உள்ளே கிடந்த கம்பி, அலுமினியப் பட்டை, டேப் இவற்றை வைத்தே ஐந்து பிணைப்புகள் செய்தார்கள். சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்க் மாதிரி இருந்ததால் அதே பெயர். நவம்பர் 3 அன்று பரஸின்ஸ்கி (படிப்பால் டாக்டர், தையல் புதிதா என்ன!) நீளக் கம்பத்தின் நுனியில் கால்களை மாட்டிக்கொண்டு போனார். தகட்டில் மின்சாரம் இருந்தது. வெயில் படுகிறவரை அதை அணைக்க வழியே இல்லை. அதனால் கருவிகளின் உலோகப் பகுதிகளில் காப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சிக்கிய கம்பியை வெட்டி, ஐந்து பிணைப்புகளையும் துளைகளில் கோத்து முடித்தார். ஏழு மணி நேரத்துக்கும் மேலான விண்நடை. தகடு முழுசாக விரிந்தது.

என் கொசுவலைத் தையல் காலையிலேயே பிரிந்துவிட்டது.