அல்மாவின் பொதுத் தரவில் ஒரு தொல் கேலக்ஸியைத் தேடிய அனுபவம்

தொலைநோக்கி நேரம் கிடைத்தால்தான் ரேடியோ வானியல் செய்யமுடியும் என்று தயங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு இயங்குகிறது அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி. அதன் தரவு பொதுவாக ஓராண்டு விண்ணப்பித்தவர்களிடம் இருக்கும்; பிறகு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நான் எடுத்தது ஆல்பைன் திட்டத்தின் தரவு. பெருவெடிப்பு நடந்து சுமார் 100 முதல் 140 கோடி ஆண்டுகளில் இருந்த 118 கேலக்ஸிகளை அதில் பார்த்திருக்கிறார்கள். இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளியில் ஒரு பங்கைத் தூசு விழுங்கிவிடுகிறது. ஆனால் அவை சூடேற்றும் வாயுவில் உள்ள கார்பன் அயனி 158 மைக்ரோமீட்டரில் ஒளிர்கிறது. பிரபஞ்ச விரிவால் அந்த அலை நீண்டு, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி நம்மிடம் வந்துசேர்கிறது.

தரவோடு வரும் ஸ்கிரிப்டை, அதில் குறிப்பிட்டிருக்கும் காசா (CASA) என்ற தரவுச் செயலாக்க மென்பொருளின் பதிப்பிலேயே ஓட்டுங்கள். காற்றிலுள்ள நீராவி அலைகளைத் தாமதப்படுத்துவதைச் சரிசெய்யும் நீராவித் திருத்தம் நடக்கும் கட்டத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 12 மீட்டர் ஆன்டெனா ஒவ்வொன்றிலும் 183 ஜிகாஹெர்ட்ஸில் வானத்து ஈரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. திருத்தத்துக்கு முன், அலையின் ஏற்ற இறக்க நிலையைக் காட்டும் ஃபேஸ் வரைபடத்தில் இறைந்து கிடக்கும் புள்ளிகள், அதன்பின் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். எனக்கு அதைப் பார்க்க இன்னமும் சலிக்கவில்லை.

படம் தயாரிப்பது எளிது. நிறமாலையில் தெரியும் சிறு மேடு அந்தக் கார்பன் அயனியின் கோடுதான் என்று நம்புவதுதான் கடினம். என் நேரமெல்லாம் அதற்கே போனது. தரவை நேரப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன்: இரண்டு பாதியிலும் அதே அலைவரிசையில் மேடு இருந்தது. அலை அதிரும் திசையைக் குறிக்கும் இரண்டு துருவமுனைப்பிலும் தனித்தனியே இருந்தது. முக்கியமான சோதனை, எதிர்மறைச் சிகரங்களை எண்ணுவது. இரைச்சல் மேலும் கீழும் ஒரே அளவில்தான் குதிக்கும். அதனால் அதே ஆழத்தில் பள்ளங்களும் பல இருந்தால் அந்த மேட்டுக்கு மதிப்பில்லை. என் படத்தில் அவ்வளவு ஆழமான பள்ளம் ஒன்றுகூட இல்லை. ஹபிள் படத்தில் அதே இடத்தில் கேலக்ஸி இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஆல்பைன் குழுவுக்கே 118-இல் 75-இல்தான் இந்தக் கோடு கிடைத்தது என்பதை மனதில் வையுங்கள்.

கோட்டின் ஒளிர்வு சூரியனைப்போல் 100 கோடி மடங்கு என்றால், ஆண்டுக்குச் சுமார் 100 சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன என்று பொருள். நம் பால்வீதியில் அது இரண்டு அளவில்தான். விழுங்கிய விண்மீன் ஒளியால் சூடான தூசும் ஒளிரும் என்பதால், இந்தக் கணக்கைத் தூசின் ஒளியோடு ஒப்பிட நினைத்தேன். என் கேலக்ஸியில் அது இரைச்சலைத் தாண்டவில்லை, மேல்வரம்பு மட்டுமே மிஞ்சியது. அது கிடைத்திருந்தாலும், ஒரே அலைவரிசையை வைத்துத் தூசின் வெப்பநிலையை ஊகிக்கத்தான் முடியும். அடுத்து, வேறு அலைவரிசையிலும் பார்க்கப்பட்ட கேலக்ஸி ஒன்றை அல்மாவின் அதே பொதுத் தரவுக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.