70 லோடு கரம்பைக்கு அனுமதி வாங்கிய அனுபவம்

எங்கள் பக்கம் வண்டல் மண் என்று யாரும் சொல்வதில்லை, கரம்பைதான். அப்பா காலத்தில் கண்மாய் வற்றியதும் சித்திரை, வைகாசியில் மாட்டு வண்டி பூட்டி வயலுக்குக் கரம்பை அடிப்பார்கள். யாரிடமும் கேட்டு அள்ளியதாக எனக்கு நினைவில்லை. கருங்கல்லுக்கும் கிராவலுக்கும் உள்ள அதே 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள்தான் கண்மாய் மண்ணுக்கும் என்பது, சொந்தக்காரர் ஒருவரின் டிராக்டரை ரோட்டில் மடக்கிப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. வண்டியை மீட்க அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்து, நான் முறையாகவே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

விதி விவசாயிக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. சொந்த நிலத்துக்கு அடிக்கும் மண்ணுக்குக் கட்டணம் கிடையாது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60 கனமீட்டர். முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும். 2024-இல் விதியைத் திருத்தி தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். நம் நிலம் இருக்கிற தாலுகாவுக்குள் உள்ள கண்மாயில் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நஞ்சை 1 ஏக்கர், புஞ்சை ஒன்றரை ஏக்கர். கணக்குப் போட்டால் 210 கனமீட்டர். எங்கள் டிராக்டர் டிப்பருக்கு லோடுக்கு 3 கனமீட்டர் வைத்தால் 70 லோடு.

சிட்டா, அடங்கல், ஆதாரோடு இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன்பே முதல் முட்டு வந்தது. அப்பா இறந்த பின் பட்டா என் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. தம்பி திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்தது, நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல். இரண்டு வருடமாக மழை சரியில்லாததால் புஞ்சையை நான் விதைக்கவில்லை, அடங்கலில் தரிசு என்று இருந்தது. விவசாயம் நடக்காத நிலத்துக்கு மண் எதற்கு என்று வி.ஏ.ஓ. கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நிலத்தின் பெயரைச் சொல்லி மண்ணை வாங்கி, செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் அவர் கேட்டது சரிதான். நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்து கோடை உழவு ஓட்டிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சான்று கொடுத்தார்.

விண்ணப்பம் 9-ஆம் நாள் திரும்பி வந்தது. நான் எழுதியிருந்த கண்மாய் பட்டியலில் இல்லையாம். மாவட்ட அரசிதழில் அறிவித்த நீர்நிலைகளில் மட்டும்தான் மண் எடுக்க முடியும். மேலக் கண்மாய் பட்டியலில் இருக்கிறது என்று ஊரே சொல்லியிருந்தது. இரண்டு நாள் விசாரித்த பிறகு தலையாரிதான் முடிச்சை அவிழ்த்தார். "அக்கா, பேரை விடுங்க. புல எண்ணைப் பிடிங்க" என்றார். நாங்கள் மூன்று தலைமுறையாக மேலக் கண்மாய் என்று கூப்பிடுவது வருவாய்க் கணக்கில் வேறு பெயரில், அடுத்த வருவாய்க் கிராமத்தின் கீழ் இருக்கிறது. புல எண்ணைப் போட்டு மறுபடி விண்ணப்பித்தேன், இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டியலை ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சமாகும்! இதை நான் கிராம சபையிலும் கேட்டேன், இனியும் கேட்பேன்.

அனுமதி வந்ததும் கண்மாய்க்குள் இறங்கிவிடக் கூடாது. கரையையும் மடையையும் விட்டு எவ்வளவு தள்ளி எடுக்க வேண்டும், எவ்வளவு ஆழம் என்று இடத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் அதைச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துக்கொண்டோம். மண்ணுக்குப் பணம் இல்லையே தவிர ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் வாடகை நம் கைக்காசு. அதனால் நாளை வீணாக்காமல் இருக்க, நிலத்தில் கொட்டும் இடங்களை முதல் நாளே முளைக்குச்சி அடித்து வைத்தேன். அனுமதிச் சீட்டின் நகலை இரண்டு டிரைவர்களிடமும் கொடுத்தேன். மூன்றாவது நாள் ரோட்டில் போலீஸ் நிறுத்தியபோது அந்தத் தாளைக் காட்டினோம். வண்டி எண்ணைச் சரிபார்த்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் மாதக்கணக்கில் அலைந்தது அப்போது என் நினைவுக்கு வந்தது.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சி வந்த எங்கள் ஊர் நீர்பாய்ச்சி தாத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் கரையில் வந்து நிற்பார். "மணல் தெரிஞ்சா நிறுத்திரு தாயி. கரம்பைதான் கண்மாய்க்குப் பாய். பாயைக் கிழிச்சா தண்ணி நிக்காது" என்று முதல் நாளே சொன்னார். சவுடு, அதாவது பள்ளம் நிரப்பும் சாதாரண மண், என்று சீட்டு வாங்கி அடியில் இருந்த மணலை அள்ளிய வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். அப்படித் தோண்டிய பள்ளத்தில் ஒரு மழைக்குத் தேங்கும் தண்ணீர் பத்து நாள் தாங்காது. கண்மாய் நிறைந்தது போலத் தெரியும், கதிர் பிடிக்கும் சமயத்தில் மடையில் தண்ணீர் வராது.

62-வது லோடு அள்ளும்போது ஜேசிபி பக்கெட்டில் வெள்ளையாக மணல் கலந்து வந்தது. குறித்த ஆழம் இன்னும் இருந்தது, சீட்டில் 8 லோடு பாக்கி இருந்தது, டிரைவரும் "எடுத்துக்கலாம்க்கா, உங்க கணக்குதானே" என்றார். தாத்தா கரையிலிருந்து கையை மட்டும் உயர்த்தினார். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கோட்டுக்குள்ளேயே வேறு மூலையில் தேடிப் பார்த்ததில் 3 லோடு கிடைத்தது. 65 லோடோடு முடித்துக்கொண்டு, தோண்டிய விளிம்பு செங்குத்தாக நிற்காமல் ஆடு மாடு இறங்கி ஏறும்படி சரித்துவிட்டு வந்தோம்.