கல்லுக்கு எடுத்த படம்

தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி டெக்னீஷியனாகப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. எங்களிடம் சிறுநீரகக் கல்லுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். விலாவைப் பிடித்தபடி வந்து படுத்து, சொன்னபோது மூச்சை அடக்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, உறுப்புகளைப் பிரித்துக் காட்ட ரத்தத்தில் ஏற்றும் டை மருந்து இல்லை, வெறும் ப்ளைன் சிடி. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை படம் விழும். நடுவில் கணையமும் விழும், அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற ஒருவர் அப்படித்தான் வந்தார். இடது பக்கம் 5 மில்லிமீட்டர் கல். ரிப்போர்ட்டும் அதோடு சரி. சட்டையை மாட்டிக்கொண்டே, "ரொம்ப எளைச்சுட்டேன் தம்பி, போன மாசந்தான் சுகர்னு சொன்னாங்க" என்றார். சுகர் வந்தால் இளைக்கத்தானே செய்யும் என்று நானும் தலையாட்டினேன். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகச் சுகர் வந்து, எடையும் இறங்கினால் கணையத்தில் புற்றோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் கழித்துக் கண் மஞ்சளாகி வந்தார். கீழாநெல்லி குடித்தே மூன்று வாரம் போயிருந்தது. டை போட்டு எடுத்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. அன்று இரவு பழைய படத்தைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்தினேன். ப்ளைன் படத்தில் கட்டிக்கும் கணையத்துக்கும் ஒரே சாம்பல் நிறம். ஆனால் கணைய நீர் ஓடும் நாளம் ஒரு பொட்டு விரிந்திருந்தது. விஷயம் தெரிந்த பிறகு பார்த்ததால் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

ப்ளைன் சிடியிலேயே கணையக் கட்டியைக் கண்டுபிடிக்கும் 'பாண்டா' என்ற ஏஐ நிரல் பற்றி 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்ததைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது. சீனாவில் அலிபாபாவின் ஆய்வுக்குழுவும் மருத்துவர்களும் சேர்ந்து செய்தது. டை போட்ட படத்தில் மருத்துவர்கள் கட்டிக்குக் கோடு போட, அதை அதே ஆளின் ப்ளைன் படத்தின்மேல் பொருத்திக் கணினிக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். 3,208 பேரின் படங்கள். நல்ல யுக்தி! பிறகு 20,530 பேரிடம் சோதித்ததில் கணையக் கோளாறு இருந்தவர்களில் 92.9 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைத்தான் வீணாகப் பயமுறுத்தியது.

அதுவும் சும்மா இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்குப் படம் எடுத்தால் வருஷத்துக்கு ஆறாயிரம். ஆறு குடும்பங்கள் காரணமில்லாமல் சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலையும். தக்காளிக்காரரை நினைத்தால் அந்த அலைச்சல் பரவாயில்லை என்றே சொல்வேன். என் கவலை வேறு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையத்துக்குள் கல் சேரும் நோய் உண்டு. அவர்களுக்குப் புற்று அபாயமும் கூடுதல். சீனப் படங்களில் பழகிய கண்ணுக்கு அந்தக் கணையம் எவ்வளவு பிடிபடும்? அப்புறம் இன்னொன்று, எங்கள் ஹார்டு டிஸ்க் ஒரு வருஷத்தில் நிரம்பிவிடும். பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம், பிறகு கணினிக்குக் காட்டப் பழைய படமே இருக்காது. நோயாளி கையில் மிஞ்சுவது பீரோ மேல் சுருண்டு கிடக்கும் ஃபிலிம்தான்.

இப்போது கல்லுக்கு வருகிறவர்களிடம் சுகர் எப்போது வந்தது, எடை குறைந்ததா என்று படுக்க வைக்கும் முன்பே கேட்டு, சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். சேலத்திலிருந்தபடி ரிப்போர்ட் போடும் டாக்டர் முதல் தடவை, "இதெல்லாம் எதுக்குய்யா?" என்று போன் செய்தார். சொன்னேன். இப்போது அந்தச் சீட்டுகளுக்குக் கணையம் பற்றி ஒரு வரி சேர்ந்து வருகிறது.