கிணற்றுக்குள் விழுந்த வாளி

ராத்திரி தூக்கம் வராமல் செட்டாமுரா கிணற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில், கியான்டி மலைப்பகுதியில் இருக்கிறது. மணற்பாறையைக் குடைந்து 105 அடி ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். முதலில் எட்ருஸ்கர்கள் (ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த மக்கள்), பிறகு ரோமானியர்கள் புழங்கிய கிணறு.

ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி டி க்ரம்மண்ட் தலைமையில் நான்கு வருடம் தோண்டி, 2014இல் கிடைத்ததையெல்லாம் அறிவித்தார்கள். 14 வெண்கலப் பாத்திரங்கள்! பெரும்பாலும் தண்ணீர் இறைக்கப் போய் உள்ளேயே தங்கிவிட்டவை. கயிறு அறுந்து வாளி விழும்போது வரும் அந்த 'தொம்' சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். பாதாளக்கரண்டியைப் போட்டு அரை மணி நேரம் துழாவுவோம். சிக்காததுதான் தொல்பொருளாகிறது போல. அதில் ஒரு வாளியில் ஸ்கில்லா என்கிற கடல் பூதத்தின் உருவம். அது ஒயின் வாளியாம். ஒரு வாளிக்கு இவ்வளவு வேலைப்பாடா? விழுந்த அன்று யார் யாரிடம் திட்டு வாங்கினார்களோ!

ஆனால் என்னை உட்கார வைத்தது வெண்கலம் இல்லை, திராட்சை விதைகள். சுமார் 500. ஈரச் சேற்றில் காற்றே படாமல் கிடந்ததால் மக்கவில்லை. மரத்துண்டுகளும் அப்படியே குவியலாகத் தப்பியிருக்கின்றன. இன்றைக்கு கியான்டி என்றாலே ஒயின்தான். அதே மண்ணில் ரோமானியர் காலத்துக் கொடி எந்த வகை என்று அந்த விதைகளை வைத்துத் தேடத் தொடங்கினார்கள்.

மணி இரண்டரை. காலையில் ஆபீஸ் வேறு இருக்கிறது.