எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம்

கடற்படையில் நான் ரைட்டர் பிரிவு. சம்பளப் பட்டியல், விடுப்பு, இடமாறுதல் உத்தரவு என்று பதினைந்து வருஷம் காகிதத்தோடுதான் வாழ்க்கை. அதில் மனசு ஒன்றிச் செய்த வேலை, பதக்கப் பரிந்துரைகள் எழுதியது.

முதல் பரிந்துரையில் வீரம், தியாகம் என்று அடைமொழிகளாக அடுக்கியிருந்தேன். என் மேலதிகாரி தூத்துக்குடிக்காரர். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "கரையில இருந்து எத்தனை மீட்டர்? தண்ணிக்குள்ள எத்தனை நிமிஷம்? காத்து எந்தப் பக்கம்? அதை எழுதுப்பா. துணிச்சல் படிக்கிறவனுக்குத் தானாத் தெரியும்" என்றார். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

பரம்வீர் சக்கரம் எதிரியின் முன் நின்றவர்களுக்கு. அசோகச் சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் மூன்றும் அதற்கு வெளியே காட்டிய துணிவுக்கு. 1952இல் ஒரே பெயரில் மூன்று வகுப்புகளாகத் தொடங்கியவை, 1967இல்தான் இந்தப் பெயர்களைப் பெற்றன. போரில்லை என்றால் தோட்டா இல்லை என்று அர்த்தமில்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014இல் சோபியானில் தீவிரவாதிகளோடு மோதி உயிர்விட்டவர். அவருக்குக் கிடைத்தது அசோகச் சக்கரம். 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காத்து இறந்த பணிப்பெண் நீரஜா பனோத்துக்கும் அதே சக்கரம்தான். அவர் ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாதவர்.

ஓய்வுக்குப் பிறகு ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். ஒரு தை மாதம் பெரியவர் ஒருவர் மகனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். மகன் ராணுவத்தில் ஹவில்தார், லீவில் வந்தவன். அரையாண்டு விடுமுறையில் அரியமான் பக்கம் குளிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கடலிலிருந்து மீட்டிருக்கிறான். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் எப்படிக் கலங்கிக் கிடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு மணலும் சவுக்குத் தோப்பும்தான் கண்ணில் படும்.

"இதெல்லாம் எதுக்குண்ணே எழுதிக்கிட்டு?" என்றான். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். நூறு மீட்டர் இருக்கும், இரண்டு தடவை போனேன் என்றான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசியபோது முன்கையில் அரைவட்டமாகக் கறுத்த தழும்பு தெரிந்தது. இரண்டாவது பையன் பயத்தில் கடித்தது. மூழ்குகிறவன் பிடி எப்படிப்பட்டது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தழும்பையும் எழுதினேன்.

இந்த மாதிரிக் காரியத்துக்கு 1961இல் ஏற்படுத்திய ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது. படைவீரர்களுக்கும் உண்டு, ஆனால் பணிக்கு வெளியே செய்த மீட்பாக இருக்கவேண்டும். அவன் லீவில் இருந்ததால் பொருந்தியது. கண்ணால் பார்த்த சாட்சி, கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா. நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ரெண்டாவது தடவை போகையில அந்தத் தம்பி வாந்தி எடுத்துட்டுத்தான் போச்சு, அதை விட்டுட்டியே" என்று திருத்திய பிறகே கைநாட்டு வைத்தார்.

சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் பரிந்துரை டெல்லி போய்ச் சேரவேண்டும் என்பது விதி. கோப்பு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, சாட்சி வாக்குமூலம் இல்லை என்று திரும்பி வந்தது. வாக்குமூலம் இருந்தது, வேறொரு கட்டோடு சேர்ந்துபோயிருந்தது. தேடி எடுத்தபோது கெடு தாண்டிவிட்டது. போன வாரமே கேட்டிருக்கலாமே, அதற்கு முந்தின மாதமே போய் நின்றிருக்கலாமே என்று இன்றும் மனசு அறுக்கிறது. எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

போனில் சொன்னபோது, "பையன் பத்தாவது பாஸாயிட்டானாம்ணே, அவங்க அப்பா பேசினாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இப்போது எந்த மனுவை எழுதினாலும் முதல் பக்கத்தின் தலைப்பில் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேட்கிறேன். உச்சிப்புளி பஸ்ஸில் அந்தக் கருவாட்டு அம்மாவை எப்போதாவது பார்ப்பேன். கூடையை மடிக்குள் இழுத்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "அந்தத் தம்பிக்கு வந்துருச்சாப்பா?"