மூன்று நீதிபதிகள், ஒரு பெருநிலம்

டகோட்டா பிரதேசத்தின் (அமெரிக்காவில் இன்றைய வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலங்கள் அமைந்த பகுதி) பழைய வரைபடம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. கவுண்டிகளுக்கு, அதாவது உள்ளூர் நிர்வாகப் பகுதிகளுக்கு, கோடு போட்டு, பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பலவற்றில் நீதிமன்றமே இல்லை!

நிர்வாகம் அமையாத கவுண்டியை, வழக்குகளுக்காக மட்டும் இன்னொரு கவுண்டியோடு இணைத்துவிடுவார்கள். சாட்சிகள் அங்கேதான் போயாக வேண்டும்.

1861 சட்டப்படி 3 நீதித்துறை மாவட்டங்கள், 3 நீதிபதிகள். அதிபர் நியமனம், 4 ஆண்டு பதவி. இந்த மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுதான் பிரதேச உச்ச நீதிமன்றம். தீர்ப்பு சொன்னவரே அதன் மேல்முறையீட்டையும் கேட்பார். இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொரு சிக்கல், நீதிமன்ற அதிகாரத்தின் எல்லை. 1876 ஆகஸ்ட் 2, பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் இருந்த டெட்வுட் என்ற சுரங்க ஊர். துப்பாக்கி வீரராகப் பேர்பெற்ற வைல்ட் பில் ஹிக்காக்கைச் சுட்டுக் கொன்றான் ஜாக் மெக்கால். சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே ஜூரி அமைத்து, மறுநாளே விடுதலை செய்துவிட்டார்கள்.

அந்த விடுதலை செல்லவில்லை. அமெரிக்க அரசு 1868-ல் சூ என்ற பூர்வகுடி மக்களோடு செய்த ஒப்பந்தப்படி டெட்வுட் அவர்களின் நிலம். அங்கே கூடிய நீதிமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. பிரதேசத் தலைநகர் யாங்க்டனில் மெக்காலை மறுபடி விசாரித்து, 1877 மார்ச் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

மனதை அறுப்பது இதற்கு முந்தைய நாள்தான். 1877 பிப்ரவரி 28: அதே பிளாக் ஹில்ஸ் நிலத்தைச் சூ மக்களிடமிருந்து பறிக்கும் சட்டம் அமலானது. ஒருவனைத் தூக்கிலிட அந்த ஒப்பந்தம் உதவியது. அதன் சொந்தக்காரர்களைக் காக்க மட்டும் உதவவில்லை.